ஆடற்கலை வளர்த்த அம்மையார்

தாம்பரத்திலிருந்து வடகிழக்கே செல்லும் நெடுஞ்சாலை சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை முதலிய ஊர்களைக் கடந்து வேளச்சேரியை அடைகின்றது. அங்கிருந்து தரமணி வழியாகக் கடலை நோக்கிச் சென்றால் திருவான்மியூர் என்னும் பழம்பதியைக் காணலாம். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் அது. அங்கே கோயில் கொண்டுள்ள பெருமானுக்கு மருந்தீசர் என்று பெயர். அகத்திய முனிவருக்கு மருந்துகளின் இயல்பை அறிவுறுத்தியதால் அப்பெயர் வந்ததென்று தலபுராணம் கூறும். அக்கோயிலுக்கு அணித்தே, கடற்கரை மணலில், மரங்கள் செறிந்த பரந்த சோலை ஒன்று உள்ளது. வைகறை கழிந்த சிறுபொழுதில் அச்சோலைக்கு அருகே நிற்பவர் செவியில், மரக்கட்டையைக் கழியால் தட்டும் ஓசையும், அதற்கு இயையப் பல கால்கள் ஒருங்கே நிலத்தை மிதிக்கும் ஓசையும் வந்து விழும். அதுவே கலாக்ஷேத்திரம். அதனை நிறுவியவர் ருக்மிணிதேவி அம்மையார்.

அம்மையார் 1904 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29 ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார். பொதுப்பணித் துறையில் பொறியாளர். வடமொழிப் புலமையும் உடையவர். தாயார் சேஷம்மாள் இசையில் பெருவிருப்பம் கொண்டவர். சாஸ்திரியார் பிரமஞான சபையின் கொள்கைகளில் ஈடுபட்டு, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், அச்சபையின் தலைமையிடமாகிய அடையாற்றுக்கு அருகே குடும்பத்துடன் வந்து தங்கினார். அன்னி பெசன்ட் அம்மையார் அப்போது அச்சபையின் தலைவராய் விளங்கினார். அவருடன் பணியாற்றிய ஆங்கிலேயக் கல்வியாளர் ஜார்ஜ் அருண்டேல் என்பாரை ருக்மிணிதேவி 1920 ஆம் ஆண்டு மணந்தார். மணமகளுக்கு அப்போது வயது பதினாறு. அந்நாளில் சென்னையில் அம்மணத்தைப் பற்றி எழுந்த கூக்குரல் சிறிதன்று. உற்றார் பலர் சினந்தனர், செய்தித்தாள்கள் கண்டித்தன. அம்மையார் தம் உறுதியினின்றும் தளரவில்லை. பிற்காலத்தில் இதனினும் பெரிய எதிர்ப்பைத் தாங்க வேண்டியிருந்த அவருக்கு இது முதற்பயிற்சி போலும்!

கணவருடன் அவர் பல நாடுகளுக்குச் சென்றார். அப்பயணங்களில் நேர்ந்த ஒரு நட்பு அவர் வாழ்க்கையின் போக்கையே மாற்றியது. உருசிய நாட்டில் பிறந்து, பாலே என்னும் மேலைநாட்டு நடனத்தில் ஒப்பற்றவராய் விளங்கிய அன்னா பாவ்லோவா 1928 ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்து ஆடினார். அதனைக் கண்ட அருண்டேல் தம்பதியர், பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றபோது, பாவ்லோவாவும் அவர்தம் குழுவினரும் அதே கப்பலில் பயணம் செய்வதைக் கண்டனர். கடற்பயணத்தில் பழக்கம் நட்பாய் முதிர்ந்தது. பாவ்லோவாவின் குழுவில் முதன்மை ஆடலராயிருந்த கிளியோ நோர்டி என்பவரிடம் ருக்மிணிதேவி பாலே கற்கத் தொடங்கினார்.

பாலே நடனம் எத்தகையது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். அதில் பெண்டிர், முனை கடினமாக்கப்பட்ட பட்டுக் காலணி அணிந்து, கால் விரல்களின் நுனியிலேயே நின்று ஆடுவர். உடலின் பாரம் முழுவதும் அந்நுனியில் தங்கும். காண்பவர் கண்ணுக்கு ஆடுபவர் காற்றில் மிதப்பது போலத் தோன்றும்; ஆடுபவரின் காலோ பெருந்துன்பம் பொறுத்துக்கொண்டிருக்கும். கணுக்கால் சுளுக்குதல், குதிகாலின் மேலுள்ள தடித்த தசைநாண் வீங்குதல், முழங்கால் சில்லின் பின்னே நோதல், பாதத்து நீண்ட எலும்புகளில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றுதல் ஆகியன பாலே ஆடுவோர்க்கு அடிக்கடி நேர்வன. மயிரிழை வெடிப்பு ஒரு நாளில் ஒரே அடியால் உண்டாவதன்று. ஓய்வின்றிப் பல்லாயிரம் முறை குதித்த குதிப்பின் பயனாக மெல்ல உண்டாவது. பாதத்து எலும்புகள் முதிர்வதற்கு முன் விரல் நுனியில் நிற்றல் தீங்கு என்பதால், ஏறக்குறையப் பன்னிரண்டு வயதுக்கு முன்னரும், பல ஆண்டு அடிப்படைப் பயிற்சி பெறுவதற்கு முன்னரும், நல்லாசிரியர் எவரும் அதனைக் கற்பிப்பதில்லை.

பாவ்லோவாவின் வரலாறே இதற்கு நல்ல சான்று. அவர் 1881 ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க் நகரில் எளிய குடியில் பிறந்து, அரசு நடனப் பள்ளியில் பயின்றவர். மெலிந்த உடல், மிக வளைந்த பாதம், ஒல்லியான கணுக்கால். உரம் வாய்ந்த உடலையே அந்நாளில் நடனத்துக்கு ஏற்றதென்று கருதினர். தோழியர் சிலர் கடுமையான சுழற்சிகளைச் செய்து கைத்தட்டுப் பெறுவதைக் கண்டு, தாமும் அவற்றைச் செய்ய முயன்றார். அதனைக் கண்ட ஆசிரியர், அத்தகைய கழைக்கூத்து வேலைகளைப் பிறருக்கு விட்டுவிடும்படியும், அவருடைய மென்மையான கால்கள் அவற்றைத் தாங்கமாட்டா என்றும், அவருடைய நயமே அவருக்கு அணி என்றும் எடுத்துரைத்தார். பாவ்லோவா அவ்வறிவுரையைத் தலைமேற் கொண்டார். தம் வளைந்த பாதத்துக்கு ஊன்றுகோலாகக் காலணியின் அடியில் கெட்டித் தோல் வைத்து, முனையையும் உறுதிப்படுத்திக்கொண்டார். அது முறையன்று எனச் சிலர் அப்போது குறை கூறினர். இன்று பாலே ஆடுவோர் அணியும் காலணி அவ்வழியிலேயே அமைந்தது. இவ்வாறு தம் உடலின் எல்லையை அறிந்து ஆடியதாலன்றோ, அவர் உலகெங்கும் சுற்றித் தம் நாற்பத்தெட்டாம் வயதிலும் அரங்கேறி ஆட முடிந்தது! 1931 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், நெதர்லாந்து நாட்டில், நுரையீரல் உறை அழற்சியால் அவர் காலமானார்.

ருக்மிணிதேவியின் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்த பாவ்லோவா, அவர் தம் சொந்த நாட்டின் ஆடற்கலையைத் தேடிக் கண்டு பயில வேண்டுமென்று அறிவுறுத்தினார். அச்சொல் அம்மையார் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அக்காலத்தில் தமிழகத்தின் ஆடற்கலை சதிர் என்று வழங்கியது. கோயிலுக்கு உரியராயிருந்த மகளிரும், அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களும் வழிவழியாக அதனைக் காத்து வந்தனர். கற்றோர் பலர் அதனை இழிவெனக் கருதி ஒழிக்க முற்பட்டனர். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணையர் போன்றோர் அக்கலையைக் காக்க வாதாடினர். சென்னைச் சங்கீத வித்வத் சபையும் அதற்கு இடமளித்தது. 1933 ஆம் ஆண்டு அச்சபையில் பந்தநல்லூர் மரபில் பயின்ற மகளிர் ஆடியதை ருக்மிணிதேவி கண்டார். கண்ட அன்றே, இதனைக் கற்காமல் விடுவதில்லை எனத் துணிந்தார்.

துணிவது எளிது; கற்பது அரிது. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. அவர் காலத்துப் பெருங்கலைஞரான தஞ்சாவூர் பாலசரசுவதி அம்மையார், நான்கு வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர் என்பதை இங்கே ஒப்பிட்டு நோக்குக. இளமையில் தொடங்குவதன் பயன் யாதெனின், இடுப்பு மூட்டு அப்போது நெகிழ்வுடையதாய் இருக்கும் என்பதாம். பரதநாட்டியத்தின் அடிப்படை நிலை அரைமண்டி. முதுகு நிமிர்ந்திருக்க, தொடைகள் இரண்டும் புறத்தே திரும்ப, முழங்கால்கள் பக்கவாட்டில் மடிந்து, பாதி அமர்ந்த நிலையில் நிற்பதே அது. தொடை இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். இடுப்பு இடங்கொடாதபோது, பாதத்தை மட்டும் வலிந்து புறத்தே திருப்பினால், இடையிலுள்ள முழங்கால் முறுக்குண்டு நோகும். பாலேயிலும் இவ்வாறே காலைப் புறத்தே திருப்பி நிற்பர். அங்கும் இதே பிழையால் இதே நோய். மடிந்த முழங்கால், பாதத்தின் நடுவிரல்கள் நோக்கும் திசையையே நோக்கி நிற்றல் வேண்டும். முப்பது வயதில் இதனைப் பழகுவோர், தம் உடல் திரும்பும் அளவுக்கே திரும்பி, வலிமையையும் பொறுமையையும் கொண்டு எஞ்சியதை நிறைவு செய்தல் வேண்டும். ருக்மிணிதேவி மேற்கொண்ட முயற்சி எத்துணைக் கடியது என்பது இதனால் விளங்கும்.

முதலில் மயிலாப்பூர் கௌரியம்மாளிடம் அவர் பயின்றார். கபாலீசுவரர் கோயிலுக்கு உரியராயிருந்த அவ்வம்மையார் அபிநயத்தில் நிகரற்றவர். பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார். முதுபெருங் கலைஞராகிய பிள்ளையவர்கள், வயது வந்த, உயர்குடிப் பெண்ணொருத்திக்குக் கற்பிக்க முதலில் தயங்கினார். அத்தயக்கத்தை நாம் குறைகூற இயலாது. உழைப்பை அறியாத உடல் இடையில் தளரின், குருவுக்கன்றோ பழி! ஆயினும் அம்மையாரின் விடாமுயற்சி அவர் உள்ளத்தை இளக்கியது. அடையாற்றுக்கு வந்து அவர் கற்பித்தார்.

தட்டடவு முதலாகத் தொடங்கும் அப்பயிற்சி முறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஒவ்வோர் அடவையும் முதற்காலத்தில் மெல்லச் செய்து, அது வழுவின்றி அமைந்தபின் இரண்டாங்காலத்தில் விரைவாக்கி, அதன்பின்னரே மூன்றாங்காலத்திற்குச் செல்வர். இது தாளத்திற்காக ஏற்பட்ட முறை என்றே பலரும் எண்ணுவர். உடலுக்கும் இதுவே காவல். மெல்லத் தட்டும்போது தசைகள் சூடேறுகின்றன, மூட்டுகள் இளகுகின்றன, பிழை கண்ணுக்குப் புலனாகின்றது. விளையாட்டு மருத்துவம் கற்ற இக்கால வல்லுநர், ஆடுமுன் உடலைச் சூடேற்றுக என்று கூறுவதும் இதனையே. அவசரத்தால் மூன்றாங்காலத்தில் தொடங்கும் மாணவி, பிழையையும் நான்மடங்கு விரைவில் செய்கின்றாள்!

1935 ஆம் ஆண்டு, பிரமஞான சபையின் வைரவிழாவின்போது, ருக்மிணிதேவி அடையாற்றில் முதன்முதலாக மக்கள் முன் ஆடினார். குடிப்பிறந்த பெண் மேடையேறுவதா என்று வெகுண்டவர் பலர். வந்து பார்த்தவரோ வியந்தனர். எதிர்ப்பு ஒருநாளில் அடங்கவில்லையேனும், அன்று முதல் பல குடும்பங்களின் வாயில்கள் இக்கலைக்குத் திறந்தன. இங்கே ஒன்று சொல்லாமல் விடலாகாது. கலையை வறுமையிலும் பழியிலும் காத்தவர் கௌரியம்மாள் போன்றோர். புதிதாக வந்தவர்க்குப் புகழும் மேடையும் கிடைக்க, அம்மரபில் வந்த மகளிர் பலர் ஒதுங்கிப்போயினர். சிருங்காரச் சுவையை ருக்மிணிதேவி குறைத்தார் என்று பாலசரசுவதி அம்மையார் உடன்படாது நின்றதும் உண்டு. பெரியோர் இருவர் மாறுபடுமிடத்தில் ஒருவரைத் தாழ்த்த வேண்டுவதில்லை. இருவர்க்கும் கலையே உயிராயிருந்தது.

1936 ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அம்மையாரும் கணவரும் அடையாற்றில் ஒரு கலைக்கழகத்தை நிறுவினர். ஒரு மரத்தடியில், ஒரே மாணவியுடன் அது தொடங்கியது என்பர். அதுவே பின்னர்க் கலாக்ஷேத்திரம் எனப் பெயர் பெற்றது. டைகர் வரதாச்சாரியார், காரைக்குடி சாம்பசிவ ஐயர், மைசூர் வாசுதேவாச்சாரியார், பாபநாசம் சிவன் முதலிய இசைப்புலவர் பலரை அம்மையார் அங்கே அழைத்துவந்தார். மலையாள நாட்டிலிருந்து அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் ஆகிய கதகளி ஆசான்மார் வந்தனர். கதகளி ஆடுவோர் பாதத்தின் வெளிவிளிம்பில் நின்று ஆடுவர். அதற்கு உடலைப் பதப்படுத்த, மழைக்காலத்து விடியலில், எண்ணெய் பூசி ஆசான் தம் காலாலேயே மாணவனின் உடலை உழியும் முறை அக்கலையில் உண்டு. நோய் வந்தபின் மருந்து தேடாமல், வருமுன் உடலைப் பதப்படுத்தும் வழக்கம் நம் நாட்டுக் கலைகளில் தொன்றுதொட்டு இருந்தது என்பதற்கு இது சான்று.

1944 ஆம் ஆண்டு திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை அம்மையார் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார். குமாரசம்பவமும், ஆறு பகுதிகளாக அமைந்த இராமாயணமும் பின்னர் வந்தன. 1945 ஆம் ஆண்டு அருண்டேல் காலமானார். அத்துயரிலும் பணி நிற்கவில்லை.

தமிழ் பயின்றவன் என்னும் முறையில் அம்மையாருக்கு யான் தனியே நன்றி கூறுதற்குரிய செயல் ஒன்றுண்டு. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1942 ஆம் ஆண்டு மறைந்தார். அப்பெரியார் ஊர் ஊராய்த் தேடித் தொகுத்த ஏட்டுச்சுவடிகள் சிதறாதவாறு, 1943 ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் அமைத்தவர் ருக்மிணிதேவி. பெசன்ட் நகரில் அந்நூல்நிலையம் இன்றும் உள்ளது. ஆடற்கலைக்கென வாழ்ந்த ஒருவர் ஏட்டுச்சுவடிகளுக்கும் கூரை தேடித் தந்தார்!

அடையாற்றிலிருந்து கலாக்ஷேத்திரம் திருவான்மியூருக்கு இடம் பெயர்ந்தது. ஏறத்தாழ நூறு ஏக்கர் மணல்வெளி. அதில் மரக்கன்றுகளை நட்டு, கூரைவேய்ந்த குடில்களை எழுப்பி, 1962 ஆம் ஆண்டில் அங்கே நிலைபெறச் செய்தார். நெசவுக் கூடமும் அதனுடன் வளர்ந்தது. அக்குடில்களில் நேர்க்கோடும் முக்கோணமும் போலத் துல்லியமான அரைமண்டியைப் பழக்குவதே அம்மரபின் சிறப்பாயிற்று. ஒரு மாணவி பட்டயம் பெற நான்கு ஆண்டுகள் வேண்டும். விரைவில் மேடையேற விழைவோர்க்கு அது நெடுங்காலமாகத் தோன்றும். தசையும் எலும்பும் உறுதிப்படும் வேகத்தை எவரால் கூட்ட முடியும்?

இக்காலத்தில் தாம்பரம், குரோம்பேட்டை, மடிப்பாக்கம் எங்கும் தெருவுக்கொரு நாட்டியப் பள்ளி காண்கின்றோம். அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், மாடியிலே சிமெண்டுத் தளத்தின்மேல் ஓடு பதித்த கூடங்களில் குழந்தைகள் வெறுங்காலால் தட்டும்போது, அதிர்ச்சி முழுவதும் குதிகாலிலும் முழங்காலிலும் முதுகின் அடியிலும் ஏறுகின்றது. மேலைநாட்டுப் பாலே அரங்குகளில், அடியில் இடைவெளி விட்டுப் பலகை பரப்பி, மிதிக்கும்போது சற்றே நெகிழும் தளம் அமைப்பர். அவ்வளவு இயலாதெனினும், மரப்பலகைத் தளம் கல்தளத்தினும் நன்று. மெத்தென்ற விரிப்போ கால் பிறழச் செய்யும்.

பல ஆண்டுகளுக்கு முன், யான் பணியாற்றிய ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில், கணுக்கால் வீங்கிய சிறுமி ஒருத்தியை, சுடச்சுட எண்ணெய் தேய்த்து மேடையேற்றினர். அவளும் முகம் கோணாமல் ஆடி முடித்தாள். அதன்பின் மூன்று திங்கள் அவளால் ஒழுங்காக நடக்க இயலவில்லை. யானும் அன்று கைதட்டியவருள் ஒருவன். உண்மை அறிந்தபோது நாணினேன். சுளுக்கிய காலுக்கு முதல் இரண்டு மூன்று நாள் தேய்ப்பும் சூடும் ஆகா. ஆடுவதை நிறுத்தி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் ஒற்றி, பதமாகக் கட்டி, காலை உயர்த்தி வைத்தல் வேண்டும். ஊன்றி நான்கடி நடக்க முடியாவிடினும், எலும்பின்மேல் அழுத்தும்போது நோவு மிகினும், மருத்துவரிடம் செல்லுதல் கடன். மெலிந்து தோன்ற விரும்பி உணவைக் குறைப்பதும் கேடு. பாலே பயிலும் இளம்பெண்களிடம் எலும்பு வலிமை குன்றுவதற்கு அப்பழக்கமும் காரணம் என மருத்துவர் கண்டுள்ளனர்.

பிற உயிர்களின் துன்பத்தையும் அம்மையார் மறந்தாரல்லர். 1952 ஆம் ஆண்டு மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்ற அவர், விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் மசோதாவொன்றைத் தாமே கொணர்ந்தார். அரசே அதற்குச் சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறினார். அவ்வாறே 1960 ஆம் ஆண்டு சட்டம் நிறைவேறியது. அதன்வழி அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1956 ஆம் ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். 1977 ஆம் ஆண்டு, நாட்டின் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் வேண்டியபோது, அதனை ஏற்க மறுத்துவிட்டார். திருவான்மியூர்ச் சோலையை விட்டு மாளிகைக்குச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை போலும்.

1986 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24 ஆம் நாள் அம்மையார் இயற்கை எய்தினார். 1993 ஆம் ஆண்டு, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால், கலாக்ஷேத்திரம் நாட்டுச் சிறப்பு வாய்ந்த நிறுவனமாயிற்று. மணலில் அவர் நட்ட கன்றுகள் இன்று பெருமரங்களாய் நிழல் தருகின்றன. காலைதோறும் மாணவ மாணவியர் ஆலமரத்தடியில் கூடி வழிபட்டு, பின்னர்க் குடில்களுக்குச் செல்வர். அங்கே தட்டுக்கழி எழும். முதற்காலத்தில் தட்டடவு தொடங்கும்.